நார்த்தாமலைச் சுனைகளும் குடும்ப மலைநடையும்

நார்த்தாமலை என்பது புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் வட்டத்தில் உள்ள குன்றுகளின் தொகுதியாகும். வட்டத் தலைமையிடமான கீரனூரிலிருந்து தெற்கே, திருச்சி–புதுக்கோட்டைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை முதலிய ஒன்பது குன்றுகள் இதில் அடங்கும். கீரனூர் வட்டாரத்தில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் விடுமுறை நாளில் மலையேறி நீர்நிலை பார்க்க விரும்புவோருக்கு மிக அருகில் உள்ள இடம் இதுவே. அண்மைக் காலமாக வளர்ப்பு நாயையும் உடன் அழைத்துச் செல்வோர் உண்டு.

மலை ஏரி என்றவுடன் பலருக்கும் கொடைக்கானல் நினைவுக்கு வரும். அது 1863இல் கரை கட்டி உருவாக்கப்பட்ட ஏரி. இமயமலையின் ரூப்குண்ட் போன்ற ஏரிகள் பனிக்கட்டி ஆறுகள் குடைந்த பள்ளங்களில் உருவானவை. நார்த்தாமலையில் இருப்பவை இவ்விரு வகையும் அல்ல. அவை பாறைச் சுனைகள்.

சுனை உருவாகும் விதம்

இக்குன்றுகள் பெரும்பாலும் மண் மூடாத வெறும் கருங்கல் வகைப் பாறைகள். பாறையின் மேற்பரப்பில் சிறு குழி இருந்தால் மழைநீர் அதில் தங்கும். பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் நீரில் ஊறி, காலப்போக்கில் களிமண்ணாக மாறும். பிடிப்பை இழந்த மணல் துகள்களைக் கோடையில் காற்று அள்ளிச் செல்லும். அடுத்த மழையில் குழி இன்னும் சிறிது பெரிதாகும். பாறையில் பிளவு உள்ள இடங்களில் இந்த வேலை விரைவாக நடக்கும். பிளவுகளின் வழியே கசியும் நீர் சேருமிடங்களில் மழை நின்ற பிறகும் சில மாதங்கள் சுனை வற்றாமல் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆறு ஓடுகிறது, ஏரிக்கு மதகும் கலிங்கும் உண்டு. சுனைக்கோ, நிரம்பி வழியும் நாள் தவிர, நீர் வெளியேற வழியில்லை. அதில் விழுந்த சோப்பு, எண்ணெய், பால் பாக்கெட் எல்லாம் அடுத்த பெருமழை வரை அங்கேயே கிடக்கும். ஆடு மேய்ப்போரும் குரங்குகளும் மயில்களும் நம்பியிருக்கும் நீர் அது. தென்னிந்தியாவின் இத்தகைய தற்காலிக நீர்நிலைகளில் சிறு இறால் இனங்கள் சில வாழ்கின்றன. அவற்றின் முட்டைகள் வறண்ட சேற்றில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் வந்ததும் பொரிக்கும். வற்றிய சுனைதானே என்று குப்பை போடுவோர் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

மேலமலை

நடைக்கு ஏற்றது சமணர் மலை என்றும் அழைக்கப்படும் மேலமலை. ஏற்றம் கடினமானதல்ல, பள்ளிப் பிள்ளைகளும் ஏறலாம். மேலே விசயாலய சோழீச்சுரம் என்னும் 9ஆம் நூற்றாண்டுக் கற்றளி உள்ளது. சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை கொண்டிருப்பது இதன் சிறப்பு. முத்தரையர் ஒருவர் கட்டிய இக்கோயில் மழையால் சிதைந்ததையும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததையும் கல்வெட்டு தெரிவிக்கிறது. சுனைகளை நிரப்பும் அதே மழைதான் கோயிலையும் இடித்திருக்கிறது! எதிரே இரண்டு குடைவரைகள் உள்ளன. ஒன்று பழியிலி ஈச்சுரம். சமணர் குடகு எனப்படும் மற்றொன்றில் திருமாலின் 12 சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன.

இம்மலையில் உள்ள தலையருவிசிங்கம் என்னும் சுனையின் உள்ளே ஒரு குடைவரையும் அதில் ஒரு லிங்கமும் உள்ளன. சுனை நிறைந்திருக்கும்போது இவை கண்ணுக்குத் தெரியா. நீரை இறைத்தால்தான் தெரியும். சித்தன்னவாசல் குன்றிலும் இவ்வாறு ஒரு சுனை உண்டு. ஒரு குடைவரையையே மறைக்கும் நீரின் ஆழம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சுனையின் ஆபத்து

மேலே இருந்து பார்ப்பவருக்குச் சுனை ஆழமற்றதாகவே தோன்றும். அதன் விளிம்பு சட்டியின் உட்புறம் போலச் சரிந்து இறங்கும். நீர்மட்டத்தை ஒட்டிய பாறையில் பாசி படர்ந்திருக்கும். கால் வழுக்கியவர் உள்ளே போனால், நீந்தத் தெரிந்தவராயினும் ஏறிவருவது எளிதல்ல. பிடித்துக்கொள்ள வேரோ படியோ இராது. அவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதித்தால் அவரும் அதே நிலைக்கு உள்ளாவார். கரையில் படுத்துக்கொண்டு வேட்டி, துப்பட்டா, கயிறு இவற்றில் ஒன்றை வீசுவதே சரியான முறை. ஆகவே ஒரு நீண்ட கயிற்றை எடுத்துச் செல்வது நல்லது. குளிப்பதும், விளிம்பில் நின்று கைப்பேசியில் படம் எடுப்பதும் அறவே கூடாது. பெரியவர்களில் ஒருவர் பேச்சில் ஈடுபடாமல் பிள்ளைகளை மட்டும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாயுடன் செல்லும்போது

மனிதருக்குக் காலில் செருப்பு இருக்கிறது, நாய்க்கு இல்லை. வெயில் ஏறிய பாறை நாயின் உள்ளங்காலைச் சுட்டுப் புண்ணாக்கும். புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லையானால் நாயை நடத்தக் கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே பெரும்பாலும் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. நிழலற்ற இம்மலையில் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்களுக்கும் நண்பகல் ஆகாது. மூக்கு சப்பையான வெளிநாட்டு இனங்களை வீட்டிலேயே விட்டுவருவது அவற்றுக்குச் செய்யும் உதவி.

குரங்கையோ மயிலையோ கண்டால் நாய் ஓடும். அது ஓடும் வழியில் சுனை இருக்கலாம். எனவே கழுத்துவாரை அவிழ்க்கக் கூடாது. அடிவாரத்தில் ஊர் நாய்கள் தம் எல்லைக்குள் வந்த புதிய நாயை விடமாட்டா என்பதால் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருப்பது இன்றியமையாதது. தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். ஆகவே நாய்க்குத் தனியாக நீரும் கிண்ணமும் கொண்டுசெல்ல வேண்டும். நாயைச் சுனையில் இறக்கக் கூடாது. கோயிலும் குடைவரைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவருவதை 1959ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்கின்றன. அதனால் ஒருவர் நாயுடன் வெளியே இருக்க, மற்றவர்கள் பார்த்துவந்து பிறகு அவரை அனுப்ப வேண்டும். அப்படி இருக்க ஆள் இல்லையென்றால் அன்று நாயை அழைத்துச் செல்லாதிருப்பதே மேல்.

செல்லும் காலம்

இவ்வட்டாரத்துக்கு மிகுதியான மழையைத் தருவது வடகிழக்குப் பருவமழை. ஆதலால் மார்கழி, தை, மாசி மாதங்களில் சுனைகளில் நீரும் இருக்கும், வெயிலும் தாங்கும். பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் பெருகும். விடியற்காலையில் ஏறத் தொடங்கி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடலாம். பனி படிந்த பாறை வழுக்கும் என்பதால் மார்கழியில் மட்டும் வெயில் சற்றே தலைகாட்டும் வரை அடிவாரத்தில் காத்திருப்பது நல்லது. இறங்கும்போது நேராக ஓடாமல், குறுக்காகச் சிற்றடி வைத்து இறங்க வேண்டும். சரிவு மிகுந்த இடத்தில் உட்கார்ந்து நகர்ந்தாலும் தவறில்லை.