மாயாண்டியின் கல்லும் மாதா கோயிலும்

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். தூண் பாறையைப் பார்ப்பார்கள். பேரிக்காய் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மலைக்கே உரிய பளியரையும் புலையரையும் பார்ப்பவர் சிலரே.

பளியர் தேன் எடுத்தும் காட்டுக் கிழங்கு தோண்டியும் பிழைத்தவர்கள். அவர்கள் தெய்வம் மாயாண்டி. கோபுரம் கிடையாது, மண்டபம் கிடையாது. மரத்தடியில் ஒரு கல், அவ்வளவுதான்! பாம்பு வடிவில் கல் கிடைத்தால் விசேஷம். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், விடியுமுன் கூடுவார்கள். கல்லின் முன்னே குழியில் தீ மூட்டி, சேவலை அறுத்து, இரத்தத்தைத் தீயில் சொட்டவிடுவார்கள். கொம்பும் மேளமும் முழங்கும். ஆனால் கல்லே சாமி என்று அவர்கள் சொல்லவில்லை. சாமி வேறு எங்கோ இருக்கிறார். எங்கே என்றுதான் தெரியாதாம்!

இதை எழுதி வைத்தவர் யார் தெரியுமா? தாமன் என்ற சேசு சபைப் பாதிரியார்! 1908-ல் அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. பழைய தெய்வத்துக்குப் பாதிரியாரே சாட்சி!

பாதிரிமார் முதலில் மலையேறியது ஆள் சேர்க்க அல்ல, உயிர் பிழைக்க. சமவெளியில் காய்ச்சலும் காலராவும் வாட்டியதால், அமெரிக்க மதுரை மிஷனார் 1845-ல் கோடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். 1866-ல் சலேத் மாதா கோயில் எழுந்தது. 1895-ல் செண்பகனூரில் சேசு சபையார் கல்லூரி வந்தது. காலப்போக்கில் பளியரிலும் புலையரிலும் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இங்கேதான் சிக்கல்!

பளியர், சர்க்கார் கணக்கில் பழங்குடியினர். அந்தப் பட்டியலுக்கு மத நிபந்தனை இல்லை. மாயாண்டியைக் கும்பிட்டாலும் மாதாவைக் கும்பிட்டாலும் பளியர் பழங்குடியினரே. புலையரோ தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி அந்தப் பட்டியல் இந்துக்களுக்கே உரியது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆகவே கிறிஸ்தவரான புலையர், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டவர் ஆகிவிடுகிறார்.

பக்கத்துப் பக்கத்துக் குடிசை. ஒரே பூசைக்குப் போகிறார்கள். ஒருவருக்குச் சான்றிதழ் நிற்கிறது, மற்றவருக்குப் போய்விடுகிறது! போவது காகிதம் மட்டுமா? கல்லூரி இடம், உத்தியோகம், தனித்தொகுதியில் நிற்கும் உரிமை, வன்கொடுமைச் சட்டத்தின் காவல் எல்லாம் கூடவே போகின்றன. ஊரார் அவரைப் பார்க்கும் கண் மட்டும் ஞானஸ்நானத்தால் மாறிவிடுமா, என்ன?

தங்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும்படி மலைப் புலையர் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். சேர்த்துவிட்டால் கிறிஸ்தவப் புலையருக்கும் இந்தத் தொல்லை தீரும். மனுக்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன.