உதட்டுச் சாயத்துக்குப் பக்கத்தில் ரிவால்வர்

பெண்களின் கைப்பைக்குள் என்னென்ன இருக்கும்? சீப்பு, கைக்குட்டை, சில்லறை, சாவிக்கொத்து, தலைவலி மாத்திரை. மூச்சு விடாமல் நீங்களே சொல்லிவிடுவீர்கள். 1940-களில் நியூயார்க் நகரத்துப் போலீஸ் பெண்மணிகளின் பையில் இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. ரிவால்வர்!

தோளில் தொங்கும் பை. அதில் துப்பாக்கிக்கு ஓர் இடம், பவுடர், உதட்டுச் சாயம் வகையறாவுக்கு ஓர் இடம். போலீஸ் இலாகாவே அப்படி ஏற்பாடு செய்து கொடுத்தது. துப்பாக்கியையும் உதட்டுச் சாயத்தையும் ஒரே மாதிரி, தேவைப்படும்போது மட்டும் அளவோடு உபயோகியுங்கள் என்று அப்போதைய மேயர் லா கார்டியா அவர்களுக்குப் புத்திமதி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே ஒரு முரடன் வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் போலீஸ்காரர் இடுப்பில் கை வைத்தால் போதும். அந்த அம்மாளோ பையை முன்னால் இழுத்து, மூடியைத் திறந்து, உள்ளே துழாவ வேண்டும். ஓடினால் பை ஊசலாடும். கைகலப்பு வந்தாலோ பை ஒரு பக்கம், அம்மாள் ஒரு பக்கம்! பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் துப்பாக்கியையும் சேர்த்தல்லவா கொண்டு போகிறான்?

அமெரிக்காவில் பெண் போலீஸின் கதையே ஒரு வகையில் இந்தப் பையின் கதைதான். 1910-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் என்ற பெண்மணி சேர்ந்தபோது அவரிடம் ஒரு பாட்ஜ், ஒரு விதிப் புத்தகம், ஒரு முதலுதவிப் புத்தகம், தெருவோர டெலிபோன் பெட்டியின் சாவி ஆகியவற்றைக் கொடுத்தார்கள். துப்பாக்கி கிடையாது. சீருடையைக்கூட அவரேதான் தைத்துக்கொண்டார். 1968-இல் இண்டியானாபொலிஸ் நகரில் பெட்டி பிளாங்கன்ஷிப், எலிசபெத் காஃபல் என்ற இருவர் 47-ஆம் எண் ரோந்துக் காரில் ஏறினார்கள். ஆண்கள் பார்க்கும் அதே வேலை, அதே தெரு, அதே ஆபத்து. ஆனால் உடுப்போ ஸ்கர்ட், துப்பாக்கியோ கைப்பையில்! 1972-இல் வேலை வாய்ப்பில் சம உரிமைச் சட்டம் உள்ளூர்ப் போலீஸ் இலாகாக்களையும் கட்டுப்படுத்தத் தொடங்கிய பிறகுதான் ரோந்து வேலைக்குப் பெண்கள் கணிசமாக வரத் தொடங்கினார்கள். காற்சட்டை வந்தது, அகலமான பெல்ட் வந்தது, ஹோல்ஸ்டர் என்கிற துப்பாக்கி உறையும் இடுப்புக்கு வந்தது.

அத்தோடு கஷ்டம் தீர்ந்ததா என்றால் அதுதான் இல்லை. அந்த உறை ஆண்களின் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது! ஆணின் இடுப்பு ஏறக்குறைய நேராக இறங்குகிறது. பெண்ணின் இடுப்பு வெளிப்புறமாக வளைகிறது. ஆகவே உறையின் அடிப்பாகம் வெளியே தள்ளப்பட்டு, மேலே இருக்கும் கைப்பிடி விலாவில் வந்து குத்தும். அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள தூரமும் பெண்களுக்குக் குறைவு. துப்பாக்கியை உருவ வேண்டுமானால் முழங்கையை அசௌகரியமான உயரத்துக்குத் தூக்க வேண்டும். கை விலங்கு, ரேடியோ, தடி, டார்ச் விளக்கு எல்லாம் சேர்ந்து எட்டு ஒன்பது கிலோ ஆகிவிடுகிற பெல்ட்டோடு நாள் பூராவும் காரில் ஏறி இறங்குகிறவளுக்கு இது எப்படி இருக்கும் என்பதை, அக்குள் பிடிக்கிற ரவிக்கையோடு ஒரு கல்யாணம் முழுவதும் நின்றவர்கள் கொஞ்சம் ஊகிக்கலாம்.

இதற்குக் கண்டுபிடித்த பரிகாரம் ரொம்ப எளிமையானது. உறையைப் பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே இறக்கி, உடம்பிலிருந்து சற்று விலக்கி மாட்டும் ஒரு தாங்கி. அவ்வளவுதான்! விலாவும் பிழைத்தது, முழங்கையும் பிழைத்தது. இவ்வளவு சின்ன விஷயத்தை யோசிக்க, உடுப்பு வாங்கித் தருகிறவர்கள் பெண்களின் புகாரைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

சீருடைப் போலீஸின் உறைக்கு இன்னொரு லட்சணமும் வேண்டும். அது கண்ணுக்கு நேரே தெரிகிற துப்பாக்கி. யாரும் பின்னாலிருந்து கை போடலாம். தம்முடைய துப்பாக்கியாலேயே சுடப்பட்டு மாண்ட போலீஸ்காரர்கள் அந்நாட்டில் பலர். முன்பு அமெரிக்க எஃப்.பி.ஐ.யில் இருந்த பில் ரோஜர்ஸ் என்பவர் 1970-களில் இதற்காகவே ஒரு பரீட்சையை ஏற்படுத்தினார். ஒருவர் கைப்பிடியைப் பிடித்து 5 வினாடி முழு பலத்தோடு இழுத்தாலும் துப்பாக்கி வெளியே வரக்கூடாது! பூட்டுகள் கூடக்கூட உறையின் படியும் உயரும். இன்றைய உறைகளில் பெருவிரலால் ஒரு நெம்பை அழுத்தி, மேலே மூடியிருக்கும் முக்காட்டை முன்னால் தள்ளினால்தான் ஆயுதம் விடுபடும். உரியவருக்கு அது ஒரே அசைவு. அந்நியனுக்கோ புதிர்ப் பெட்டி.

இவை போலீஸ்காரிகளின் கதை. சாதாரணக் குடும்பப் பெண்கள்? அமெரிக்காவின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், சட்டம் தடுக்காத எந்தப் பெரியவரும் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். டெக்ஸாஸில் 2021 முதல் 21 வயது நிரம்பியவர்களுக்கு அப்படித்தான். மகளோ மருமகளோ அங்கே இருந்து, பேரன் பேத்தியைப் பார்க்கப் போய் வருகிற நம் வாசகிகள் அநேகர். பக்கத்து வீட்டு அம்மாளின் கைப்பையில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கும் சம்பந்தப்பட்ட சங்கதிதான்.

ஏனென்றால் போலீஸார் கைவிட்ட அந்தக் கைப்பையை மற்றப் பெண்கள் இன்னும் விடவில்லை. துப்பாக்கிக்கென்று தனி அறை வைத்த அழகழகான பைகள் கடைகளில் விற்கின்றன. 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோ மாநிலத்தில் ஓர் இளம் தாய் குழந்தைகளோடு கடைக்குப் போனாள். பையில் துப்பாக்கி, அதற்கென்றே தைத்த அறையில். பை தள்ளுவண்டியில், பையின் பக்கத்தில் இரண்டு வயது மகன். ஜிப்பை இழுத்துத் திறக்கத் தெரியாத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது? குண்டு பாய்ந்து தாய் அங்கேயே மாண்டாள். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனாகி இதைத் தெரிந்துகொள்ளும் நாளை நினைத்தால் எழுதுகிற கை நின்று போகிறது.

கைப்பையைத் தோளிலிருந்து எத்தனை தடவை இறக்கி வைக்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஆபீஸ் மேஜையில், ஹோட்டல் நாற்காலியில், கோயில் படியில்! அப்படி இறக்கி வைக்கிற எதிலும் துப்பாக்கி இருக்கக்கூடாது. அது உடம்போடு இருக்க வேண்டும், இல்லையேல் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் இதற்கு நடுவே மூன்றாவது வழி இல்லை.

உடம்போடு என்றால் எப்படிப்பட்ட உறையில்? முதலில் பார்க்க வேண்டியது விசையைத்தான். பல நவீனப் பிஸ்டல்களில் சுமார் இரண்டரைக் கிலோ அழுத்தம் கொடுத்தால் விசை இயங்கிவிடும். கட்டைவிரலால் தள்ளிப் பூட்டுகிற தாழ்ப்பாளும் அவற்றில் இல்லை. ஆகவே விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் உறை முழுக்க மூட வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். மெத்துமெத்தென்ற துணி உறையின் வெளிப்புறத்திலிருந்தே விரல் விசையை அழுத்திவிடலாம். தோல் உறை அழகுதான். ஆனால் உழைத்து நைந்த தோல் உள்பக்கம் மடிந்து, திரும்ப நுழைக்கும்போது விசையில் மாட்டிக்கொள்ளும். இப்போது பலரும் வாங்குவது கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக். 1965-இல் வந்த இது, முதலில் விமானங்களின் உட்புறத்துக்கு உபயோகப்பட்டது. சூடாக்கி அந்தந்தத் துப்பாக்கியின் மேலேயே வார்த்தாற்போல் படியவைக்கலாம். அதனால்தான் ஒரு மாடலின் உறை இன்னொன்றுக்குச் சேராது.

குண்டுகளை நீக்கி, இரண்டு முறை சரிபார்த்த பிறகு, உறையோடு தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள் என்கிறார்கள் பயிற்சியாளர்கள். விழுந்தால் அந்த உறை வேண்டாம். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். உருவும்போது உறையும் கூடவே வந்துவிடக்கூடாது. அதற்கு நல்ல கெட்டியான பெல்ட் தேவை. பெண்களின் உடுப்பில் பெல்ட் மாட்ட இடம் எங்கே என்கிறீர்களா? அங்கேயும் அதே புகார்தான்! பாக்கெட் வைக்க மனம் வராத தையற்காரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் போலும். ஆகவே வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் கச்சை வந்தது. விசையை மூட அதற்குள் விறைப்பான தகடு இருந்தால் உபயோகப்படும். உள்ளாடையில் மாட்டும் உறைகளும் உண்டு. 2015-இல் மிச்சிகனில் ஒரு பெண் அத்தகைய உறையைச் சரிசெய்துகொண்டபோது குண்டு பாய்ந்து இறந்துபோனாள். முதுகின் நடுவில் வைப்பதோ, கீழே விழுந்தால் முதுகெலும்பின்மேல் இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு விழுவது போல.

உருவும் வேகத்தைப் பற்றித்தான் ஆண்கள் பேசுவார்கள், சினிமாவில் காட்டுவதும் அதுவே. விபத்தோ திரும்ப உறையில் செருகும்போதுதான் காத்திருக்கிறது. சட்டையின் நுனியோ, மேலாடையின் நாடாவோ, மடக்க மறந்த ஒரு விரலோ உள்ளே போய்விட்டால் முடிந்தது. ஆகவே விரலை விலக்கி, துணியை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். அவசரமாகச் செருக வேண்டிய சந்தர்ப்பம் என்று ஒன்று இல்லவே இல்லை.

பழகினவர்கள் வீட்டில் பார்த்தால், ஒத்துவராமல் தூக்கிப் போட்ட உறைகளே ஒரு மேஜையறை நிறையக் கிடக்கும். பத்துக் கடை ஏறி இறங்கி எடுத்த ரவிக்கைத் துணியை மூலையில் போட்டிருக்கும் நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் பொருந்தாத ரவிக்கையை அடுத்த தீபாவளிக்குள் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.