பைரவ் ராகத்துக்கு டிஸ்கோ தாளம்! 28 ஆண்டு தூங்கிய ரிகார்டு

பம்பாயில் 1982-ல் ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. வந்த சுவடு தெரியாமல் போனது. 28 ஆண்டு கழித்து அதே தட்டுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது!

போட்டவர் பெயர் சரண்ஜித் சிங். இந்திப் பட உலகில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆர்.டி.பர்மன், சங்கர்-ஜெய்கிஷன் பாட்டுகளுக்கெல்லாம் வாசித்தவர். பாட்டு ஊருக்கே தெரியும். வாசித்த ஆளை யாருக்கும் தெரியாது. சினிமா வாத்தியக்காரர்கள் பிழைப்பே அப்படித்தான்!

மூன்று பெட்டிகள்

அப்போது இந்திப் படங்களில் டிஸ்கோ அலை. "டிஸ்கோ டான்சர்" வந்ததும் அதே 1982-ல்தான். எல்லோரும் போடும் டிஸ்கோவை நாமும் போடுவானேன், ராகத்தை வைத்துப் பார்ப்போமே என்று நினைத்தார் சிங்.

ஜப்பான் ரோலண்டு கம்பெனியின் மூன்று மின்னணுப் பெட்டிகள் அவரிடம் இருந்தன. தாளம் போட டி.ஆர்.-808. அடிநாதத்துக்கு டி.பி.-303. ராகம் வாசிக்க ஜூபிடர்-8 கீ-போர்டு. மூன்றையும் இணைத்து, பத்து ராகங்களை வாசித்தார். எச்.எம்.வி. வெளியிட்டது.

பாடகர் கிடையாது. தபலா, சிதார் கிடையாது. ஆனால் ராகங்கள் நமக்கும் பழக்கமானவைதான். பூபாலி என்பது நம்ம மோகனம். மால்கௌன்ஸ் என்பது இந்தோளம். கலாவதி என்பது வலஜி. யமன் கிட்டத்தட்ட கல்யாணி.

ஜனங்களிடம் எடுபடவில்லை. சிங் பழையபடி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சிகாகோவில் அதே பெட்டி

303 என்ற பெட்டியும் கடையில் ஓடவில்லை. பாஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்தது அது. கிடார் மாதிரி சத்தம் வரலையே என்று ஒதுக்கினார்கள். 1984-ல் உற்பத்தியே நின்றது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் அப்போது "ஹவுஸ்" என்ற நடன இசை பிறந்திருந்தது. டிஸ்கோ தாளத்தை எந்திரத்தில் விடாமல் அடிக்க வைக்கும் இசை. 1987-ல் அங்கே பியூச்சர் என்ற மூன்று இளைஞர் குழு, அதே 303-ன் குமிழ்களைத் திருகித் திருகி "ஆசிட் டிராக்ஸ்" என்ற தட்டைப் போட்டது. "ஆசிட் ஹவுஸ்" என்று உலகமே ஆடியது.

சிங் ஐந்து வருஷம் முன்பே வாசித்தது கிட்டத்தட்ட அதே சத்தம்!

தேடி வந்த டச்சுக்காரர்

2002-ல் எடோ பவுமன் என்ற டச்சுக்காரர் டில்லி கடையில் அந்தப் பழைய தட்டைப் பார்த்தார். போட்டுக் கேட்டவர் அசந்து போனார். சிங்கைத் தேடிப் பிடித்தார். 2010-ல் தட்டு மறுபடி வெளிவந்தது.

அப்படியானால் ஆசிட் ஹவுஸ் பிறந்தது பம்பாயிலா, சிகாகோவிலா? சண்டை கிளம்பியது. சிங்கின் தட்டை சிகாகோ பையன்கள் கேட்டதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒரே பெட்டி, இரண்டு ஊர், இரண்டு பேருக்கும் தனித்தனியே தோன்றிய யோசனை. அவ்வளவுதான்.

ஆனால் சிங்குக்கு லாபம் வேறு. ஆயுசு முழுக்க அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர், எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் தன் பெயருக்கு ஏறினார். பேரன் வயதுப் பிள்ளைகள் அவர் வாசித்த ராகத்துக்கு ஆடினார்கள்.

2015 ஜூலையில் மும்பையில் அவர் காலமானார். வயது 74.