பழைய இயந்திரப் படகின் பின்பலகையும் சுக்கான் பிடியும்

காரைக்கால் பிரதேசத்தில் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய கடற்கரைக் கிராமங்களில் 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பின்னர் பைபர் படகுகள் மிகுதியாயின. அவ்வமயம் கட்டிய படகு இன்று ஏறக்குறைய இருபது வயதை எட்டியதாகும். வெளிப்புற இயந்திரம் பூட்டிய அத்தகைய பழைய படகை உடையோர் அதன் பின்பலகையை முக்கியமாய்ச் சோதித்தல் அவசியம்.

பார்வைக்கு முழுதும் பைபராகத் தோன்றினும், பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகையே உண்டு. திருகாணித் துவாரங்களின் வழியே உப்புநீர் கசிந்து, மேலே வர்ணம் பளபளக்க, உள்ளே மரம் ஊறிய அவல்போல் நைந்துவிடும். விசிறி நீரைத் தள்ளும்போது இயந்திரம் நெம்புகோலாகிப் பலகையின் அடியை முன்னுக்கும் தலையைப் பின்னுக்கும் வலிக்கின்றது. நைந்த பலகை இதைத் தாங்காது.

சுக்கான் பிடி ஆடுகிறதென்று உடனே இயந்திரத்தைப் பிரிப்பது வீண்செலவு. முதலில் இயந்திரத்தை உயர்த்தி, அதன் கீழ்ப்பாகத்தைப் பற்றி மேலும் கீழும் அசைக்க வேண்டும். மற்றொருவர் மூட்டுகளில் விரல் வைத்துப் பார்க்கலாம். பிடியின் மூட்டில் மட்டும் அசைவு தெரிந்தால் குற்றம் பிடியினுடையது. பலகைக்கும் இயந்திரத்தின் கவ்விக்கும் இடையே தெரிந்தால் திருகு தளர்ந்தது. பலகையே படகின் பக்கங்களிலிருந்து அசைந்தாலோ, மூலைகளில் மயிரிழை வெடிப்புக் கண்டாலோ, அப்படகைக் கடலில் இறக்கலாகாது. அரசலாற்று முகத்துவாரத்தில் அலை மடியும் நேரத்தில் பலகை பிளந்தால் இயந்திரமும் திசையும் ஒருங்கே போய்விடும்.

மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பதும் நன்று. கணீரென்ற ஓசை உறுதியையும் மந்த ஓசை நைவையும் காட்டும். ஐயமிருப்பின் உட்புறம் தாழ்ந்த இடத்தில் சிறு துளையிட்டு, வரும் தூளைக் காண்க. கறுத்த ஈரத்தூள் வந்தால் உட்பைபரை அறுத்து, அழுகலைக் களைந்து, நன்கு உலர்த்தி, கடலுக்கேற்ற ஒட்டுப்பலகை பதிக்க வேண்டும். மேலே பிசின் பூசி மறைப்பது ஈரத்தை உள்ளே பூட்டுவதேயாகும்.

சக்கரமும் கேபிளும் உள்ள படகில் திருப்பம் கடினமாயின், கேபிளை இயந்திரத்தினின்று கழற்றிவிட்டு இயந்திரத்தைக் கையால் திருப்புக. எளிதில் திரும்பினால் துருவேறியது கேபிளே. அதனை மாற்றுதல் வேண்டும். அங்ஙனமின்றேல், சுழல் மூட்டில் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதியதைச் செலுத்துக.

இயந்திரத்தின் காப்புக் கயிற்றைப் பின்பலகையில் கட்டாது, படகின் உடலிலுள்ள உறுதியான வளையத்தில் கட்டுக.