அடுத்த பிளேஸ்டேஷனுக்கு எந்தச் சிப்?

அடுத்த பிளேஸ்டேஷனில் என்ன பிராசசர் வரும் என்று பேச்செடுத்தால், இன்றைக்குச் சந்தையில் மிக வேகமான சிப் எதுவோ அதன் பெயரைச் சொல்பவர்கள்தான் அதிகம். கல்யாணத்துக்குச் சமையல் பேசப் போகிறவர்கள் அப்படி யோசிப்பதில்லை. மண்டபத்தில் எத்தனை அடுப்பு, உக்கிராண அறை எவ்வளவு தூரம், இலைக்கு என்ன செலவாகும் என்று பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பேசுகிறார்கள். கன்சோல் சிப்பும் அந்த வழியில்தான் முடிவாகிறது. அதனால்தான் அதை ஓரளவு கணிக்கவும் முடிகிறது.

நொடிக்கு 60 படம் காட்டும் விளையாட்டில் ஒவ்வொரு படமும் ஒரு பந்தி. 16.7 மில்லிநொடிக்குள் இலை நிறைந்தாக வேண்டும், அடுத்த பந்தி காத்திருக்கிறது. எதிரி எந்தப் பக்கம் ஓடுவான், பந்து எங்கே விழும், எதை முதலில் வரைவது என்று தீர்மானிக்கும் தலைமைச் சமையல்காரர் சிபியூ. ஜிபியூ என்பது காய் நறுக்கும் பெரும்படை. 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். அத்தனைக்கும் நிறம் கண்டுபிடிப்பது அந்தப் படையின் வேலை. உக்கிராணம் எஸ்எஸ்டி. அங்கிருந்து எடுத்துவந்து கைக்கெட்டும் தூரத்தில் பரப்பிவைக்கும் மேடைதான் நினைவகம்.

பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 50 முதல் 100 மெகாபைட் வரைதான் கொடுத்தது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 கிகாபைட் கொடுக்கிறது. மேடையிலிருந்து சிப்புக்குப் போகும் வேகம் நொடிக்கு 448 கிகாபைட். மேசைக் கணினியில் தலைமைச் சமையல்காரருக்கும் நறுக்கும் படைக்கும் பெரும்பாலும் தனித்தனிச் சிப், தனித்தனி மேடை. பிளேஸ்டேஷன் 5-இல் இருவரும் ஒரே சிப்பில், 16 கிகாபைட் கொண்ட ஒரே மேடையில். சாமான் வந்துசேராவிட்டால் எத்தனை பேர் கத்தியோடு நின்றும் பயனில்லை.

சோனிக்கு இந்தப் பாடம் பெரும் விலை கொடுத்தே கிடைத்தது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-க்காக ஐபிஎம், தோஷிபா ஆகியவற்றோடு சேர்ந்து அது செல் என்ற சிப்பை உருவாக்கியது. ஒரு தலைமைச் சமையல்காரர், எட்டுத் துணை ஆட்கள். ஒவ்வொரு துணை ஆளும் சிப்பில் ஒரு கரு; அந்த எட்டில் ஒன்று மூடியே வைக்கப்பட்டது. தயாரிப்பில் ஒன்று பழுதானாலும் சிப்பைத் தூக்கி எறியாமல் இருக்க அந்த ஏற்பாடு. இன்னொன்றை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. மீதி ஆறுதான் விளையாட்டுக்கு. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு துணை ஆளுக்கும் 256 கிலோபைட் அளவில் ஒரு சிறு பலகை மட்டுமே இருந்தது. பொது மேடைமேல் அவர் நேரடியாகக் கைவைக்க முடியாது. எந்தச் சாமான் எப்போது பலகைக்கு வர வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை நிரலாளர்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. கைவரப்பெற்றவர்கள் அதில் அருமையான விளையாட்டுகளைச் செய்தார்கள், அந்த உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சமையல் குறிப்புகள் அந்த ஒரு சமையல்கட்டுக்கு மட்டுமே பொருந்தின. 2013-இல் ஏஎம்டி சிப்போடு வந்த பிளேஸ்டேஷன் 4-இல் பிளேஸ்டேஷன் 3 வட்டுகள் ஓடவில்லை.

பிளேஸ்டேஷன் 5-உம் ஏஎம்டி சிப்தான். பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளில் மிகப் பெரும்பான்மை அதில் ஓடுகிறது. ஒருவர் பத்தாண்டுக்கும் மேலாக வாங்கிச் சேர்த்தவை அவை. அவற்றைக் கைவிடும் துணிவு இனி சோனிக்கு வராது என்பது என் உறுதியான எண்ணம். பிளேஸ்டேஷன் 6 சிப் ஒப்பந்தத்தை 2022-இல் இன்டெல் ஏஎம்டியிடம் இழந்தது என்று ராய்ட்டர்ஸ் 2024 செப்டம்பரில் வெளியிட்ட செய்தியிலும் இந்தப் பழைய விளையாட்டுப் பிரச்சினை இடம்பெற்றிருந்தது. நிண்டெண்டோவும் அப்படியே: 2017-இல் வந்த ஸ்விட்சில் என்விடியா, 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இலும் என்விடியா.

அடுத்தது சூடும் செலவும். பிளேஸ்டேஷன் 5 விளையாடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கிறது. வரவேற்பறையில் சத்தமில்லாமல் இருக்க வேண்டிய பெட்டி இதற்குமேல் அதிகம் போக முடியாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை மட்டுமே 450 வாட். அறிமுக விலை 1,599 டாலர். வட்டு ஓடும் பிளேஸ்டேஷன் 5 முழுப் பெட்டியே 499 டாலருக்கு வந்தது.

ஆகவே என் கணிப்பு: ஏஎம்டிதான், ஒரே சிப்தான், சிபியூவுக்கு ஏஎம்டியின் ஜென் வரிசையின் புதிய தலைமுறை. நறுக்கும் படையில் ஆள் சேர்ப்பதைவிட, சாமானைச் சுருக்கி எடுத்துவருவதிலும் குறைந்த புள்ளிகளை வரைந்து மீதியைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்புவதிலும்தான் முன்னேற்றம் தெரியும். 2025 அக்டோபரில் சோனியின் மார்க் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் சேர்ந்து காட்டியவையும் இந்தத் திசையில்தான் இருந்தன: நினைவகத்துக்குப் போகும் எல்லாத் தரவையும் சுருக்கும் முறை, ஒளிக்கதிர்களைக் கணக்கிடத் தனிக் கருக்கள், பல கணக்கீட்டு அலகுகளைச் செயற்கை நுண்ணறிவு வேலைக்காக ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு.

2006, 2013, 2020 என்ற ஏழாண்டு வரிசை தொடர்ந்தால் அடுத்தது 2027. விவரப் பட்டியல் வெளியாகும் நாளில் கருக்களின் எண்ணிக்கையை நான் பிறகுதான் படிப்பேன். 448 எத்தனையாக உயர்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் தேடுவேன்.