மாத்திரையும் உரிமையும்: எச்.ஐ.வி. சிகிச்சை பெறும் தொழிலாளர்கள் அறிய வேண்டியவை

எச்.ஐ.வி. இருப்பது உறுதியானபின் எங்களிடம் கேட்கப்படும் முதற்கேள்வி பெரும்பாலும் நோயைப் பற்றியதன்று. "வேலை செய்யும் இடத்தில் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்?" என்பதே அது. திருவெறும்பூர்த் தொழிற்கூடங்களில் பணிபுரிவோரும், காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்போரும், லாரி ஓட்டுவோரும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும் இதையே கேட்கின்றனர். விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல நேருமே என்று அஞ்சி, மருந்து வாங்க வராமல் நின்றுவிடுவோரும் உண்டு. எனவே, அக்கேள்விக்கான விடையும் சிகிச்சையின் ஒரு பகுதியே எனக் கருதுகிறோம்.

இடைவிடாத மருந்து ஏன்?

ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து, உடலில் வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. அதை முற்றிலும் அகற்றுவதில்லை. மருந்தை விட்டுவிட்டு உட்கொண்டால் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையையும் பெறக்கூடும். தவறாமல் உட்கொள்வோரின் இரத்தத்தில் வைரஸின் அளவு, பரிசோதனையில் தென்படாத நிலைக்குக் குறைகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம் துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை. இன்று பெரும்பாலானோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை போதுமானது. அதை வீட்டிலேயே உட்கொள்ளலாம். வேலையிடத்திற்கு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை.

உடன் பணிபுரிவோர்க்குப் பரவுமா?

பரவாது. வியர்வை, இருமல், ஒரே குவளை, ஒரே கழிப்பறை, ஒரே கருவி ஆகியவற்றால் இத்தொற்று பரவுவதில்லை. வேலையில் காயம் ஏற்பட்டால், யாருடைய இரத்தமாயினும் கையுறை அணிந்து கையாள்வதே பொதுவிதி.

வழிவகுத்த ஒரு வழக்கு

பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகமாகப் பணியாற்றிய ஒரு தொழிலாளிக்கு, மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் வேலை மறுக்கப்பட்டது. உடல் வலிமையில் அவருக்குக் குறையேதும் இல்லை. 'லாயர்ஸ் கலெக்டிவ்' என்னும் வழக்கறிஞர் அமைப்பின் துணையுடன் அவர் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடினார். வேலையைச் செய்யும் திறன் உடையவரை, பிறர்க்கு ஆபத்து விளைவிக்காதவரை, எச்.ஐ.வி. என்ற ஒரே காரணத்தால் விலக்கக் கூடாது என 1997ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய பெயர் வெளிவராமல், 'எம்.எக்ஸ்.' என்ற எழுத்துகளால் மட்டுமே அவர் குறிக்கப்பட்டார்.

இன்றைய சட்டம்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017இல் நிறைவேற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் தொழிலாளர்க்கு இன்றியமையாதவை இவை:

• வேலை தருவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. பரிசோதனைக்கு உங்கள் ஒப்புதல் தேவை.

• பணிநீக்கம் செய்ய வேண்டுமாயின், வேலைக்குத் தகுதியில்லை என்றோ, பிறர்க்குக் குறிப்பிடத்தக்க தொற்று அபாயம் உண்டு என்றோ, சார்பற்ற தகுதி வாய்ந்த மருத்துவரின் எழுத்துபூர்வ மதிப்பீடு வேண்டும். மாற்று ஏற்பாடு செய்ய இயலாமைக்கான காரணத்தை நிறுவனமும் எழுதித் தர வேண்டும்.

• நீதிமன்ற ஆணை இருந்தாலன்றி, உங்கள் நிலையை வெளிப்படுத்துமாறு எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த இயலாது.

• 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்திலும், 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் மருத்துவ நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பாகுபாடு காட்டலாகாது என்னும் விதியோ, சிறிய கடைகளுக்கும் பொருந்தும்.

இச்சட்டம் கடமையையும் விதிக்கிறது. பிறர்க்குத் தொற்று பரவாமல் காப்பது உங்கள் பொறுப்பு. துணைவர்க்கு ஆபத்து இருந்தும் நீங்கள் தெரிவிக்காதபோது, ஆலோசனை வழங்கி, உங்களுக்கு முன்னறிவித்து, மருத்துவரோ ஆலோசகரோ துணைவரிடம் தெரிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதனால் வன்முறைக்கு ஆளாக நேரிடும் என அஞ்சும் பெண்களுக்கு விலக்கு உண்டு.

துணை நின்ற அமைப்புகள்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில்தான் முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதில் முன்னின்ற மருத்துவர் சுனிதி சாலமன், 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். தொற்றுடன் வாழ்வோரே 1997இல் சென்னையில் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கினர். மறு ஆண்டில் கௌசல்யா பெரியசாமியும் அவருடைய தோழியரும் பெண்களுக்கான 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பை நிறுவினர். அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மருந்து 2004 ஏப்ரல் முதல் விலையின்றி வழங்கப்படுவதற்குப் பின்னால், இத்தகைய அமைப்புகளின் இடையறாத கோரிக்கையும் உண்டு. வேலையிடத்தில் எச்.ஐ.வி. பற்றிய பரிந்துரையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் வெளியிட்டது.

குடும்பத்தார்க்கு

நோயாளியின் நிலையை உறவினரிடமோ அவருடைய முதலாளியிடமோ நல்லெண்ணத்துடன்கூடத் தெரிவித்துவிடாதீர்கள், அம்முடிவு அவருடையது. கணவரை இழந்த பெண்ணை எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி, அவர் வாழ்ந்துவரும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது எனச் சட்டம் கூறுகிறது. மாத்திரை வேளையை நினைவூட்டுவதும், மருந்து வாங்கும் நாளில் உடன் வருவதும் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

எங்கே கேட்பது?

பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' உள்ளது. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் செயல்படுகிறது. 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே விவரம் கேட்கலாம். வேலை தொடர்பான சிக்கலுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சட்ட உதவி எண் 15100. பணிநீக்க ஆணை, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள்.

விடுப்புச் சான்று தேவைப்படின் எங்களிடம் முன்கூட்டியே கூறுங்கள். உங்கள் ஒப்புதலின்றி எச்.ஐ.வி. என்ற சொல் அதில் இடம்பெறாது. வேலையிடத்தில் சிக்கல் எதுவாயினும், மருந்தை நிறுத்துமுன் ஒருமுறை எங்களிடம் வந்து பேசுங்கள்.