320 நிமிடங்களின் கணக்கு

கொட்டகலைக்குப் பக்கத்தில், பத்தனையில் இருக்கிறது ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் இடம். பயிற்சி 3 ஆண்டு: 2 ஆண்டு கல்லூரியில் தங்கிப் படிப்பு, 1 ஆண்டு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. கல்லூரி நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அந்த 2 ஆண்டுகளில்தான். அதற்குள் தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் ஒருவரைப் பழக்க என்ன செலவாகும்?

செலவு: 2004இல் கொழும்பில் நடந்த பட்டறையில் உருவானது, தகவலைத் தேடிப் பயன்படுத்தப் பழக்கும் ‘எம்பவரிங் 8’ முறை. படிகள் 8: இனங்காணல், தேடல், தெரிதல், ஒழுங்கமைத்தல், ஆக்கல், முன்வைத்தல், மதிப்பிடல், பயன்படுத்தல். படிக்கு 40 நிமிடப் பாடவேளை ஒன்று என்றால் மொத்தம் 320 நிமிடம். அதாவது 5 மணி 20 நிமிடம். புதுக் கட்டடம் தேவையில்லை. நூலகரும் விரிவுரையாளரும் சேர்ந்து உட்கார வேண்டும். கையில் ஒரு நல்ல கேள்வி இருக்க வேண்டும்.

கேள்வி: இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட மலையகத் தமிழர் எத்தனை பேர்? ஒரு பக்கத்தில் 525,000 என்றிருக்கும்; இன்னொன்றில் 600,000. எது பிழை?

இரண்டுமே பிழையில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்தது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரின் முடிவு தள்ளிப்போனது. 1974இல் இரு நாடுகளும் அவர்களை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டன. 525,000உடன் 75,000 சேர்ந்தால் 600,000. ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தெழுதியவருக்கு இது பிடிபடாது. அந்த எண்களுக்குள் இருப்பவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவற்றைத் தவறாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

வரவு: ஓர் ஆசிரியர் வருடத்துக்கு 30 புதிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார், 30 வருடம் சேவை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 900 பிள்ளைகள். 320 நிமிடத்தை அவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 21 விநாடி.

இதைவிட மலிவான முதலீடு மலையகக் கல்வியில் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கல்வியியற் கல்லூரியும் முதலாம் ஆண்டு நேரசூசியில் இந்த 8 பாடவேளைகளுக்கு நூலகத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.